குரல்வளை இழந்தோரும் பயானும்

அர்ரஹ்மான் அத்தியாயம் மனிதனின் படைப்பைக் குறிப்பிட்டதை அடுத்து, அவனுக்குப் 'பயான்' கற்பிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. நம் ஊர்களில் பள்ளிவாசல் சொற்பொழிவுக்கே பயான் என்னும் பெயர் வழங்கி வந்தாலும், அச்சொல்லின் வேர்ப்பொருள் தெளிவுபடுத்துதல் என்பதாகும். குரல் வேறு, தெளிவு வேறு. புற்றுநோயின் காரணமாகக் குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டவர்களின் வாழ்வில் இவ்வேறுபாடு கண்கூடாகிறது. அவர்கள் இழப்பது குரலை. மீண்டும் கற்றுப் பெறுவது பயானை. அக்கல்வி எவ்வாறு நிகழ்கிறது, அதில் சுற்றத்தாரின் பங்கு யாது என்பதை இங்கு நோக்குவோம்.

எழுத்துகளின் பிறப்பை ஆராய்ந்த அறிஞர்கள் தமிழிலும் அரபியிலும் தொண்டைக்குத் தனியிடம் அளித்துள்ளனர். தொல்காப்பியத்தின் பிறப்பியல், உயிரெழுத்துகள் பன்னிரண்டுக்கும் மிடற்றையே பிறப்பிடமாகக் கூறுகிறது. பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், கி.பி. 8ஆம் நூற்றாண்டில் அரபு அகராதியை வகுத்தபோது, தொண்டையின் ஆழத்திலிருந்து உதடு நோக்கி எழுத்துகளை வரிசைப்படுத்தினார். 'ஐன்' முதலில் நின்றது. நூலும் 'கிதாபுல் ஐன்' எனப் பெயர் பெற்றது. இப்னு ஸீனா எழுத்தொலிகளின் தோற்றம் குறித்துத் தனியே ஒரு சிறுநூல் இயற்றி, அதில் குரல்வளையின் அமைப்பையும் விவரித்தார். தஜ்வீத் கலையில் தொண்டைக்குரியவை ஆறு எழுத்துகள். அவற்றுள் ஹம்ஸாவும், 'அல்லாஹ்' என்னும் திருநாமத்தின் இறுதியில் நிற்கும் ஹாவும் அடித்தொண்டையில் பிறப்பவை.

அந்த அடித்தொண்டையைத்தான் அறுவை சிகிச்சை எடுத்துக்கொள்கிறது. 1873இல் வியன்னாவில் தியோடோர் பில்ரோத் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுமையாக அகற்றினார். அடுத்த ஆண்டே அவருடைய உதவியாளர் குசன்பவர், செயற்கைக் குரல்வளை ஒன்றை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உயிரைக் காத்தவர்கள் பேச்சைப் பற்றியும் உடனே கவலைப்பட்டனர் என்பது இதனால் விளங்கும். இச்சிகிச்சைக்குப் பின் மூச்சு, கழுத்தின் முன்புறம் அமைக்கப்படும் துளை வழியாகவே சென்று வருகிறது. நாவும் பல்லும் உதடும் முன்போலவே இருக்கின்றன. அவற்றுக்கு ஒலி வந்து சேர்வதில்லை.

ஒலியை மீட்க மூன்று வழிகள் உள்ளன. கழுத்திலோ கன்னத்திலோ வைத்துப் பேசும் மின்னதிர்வுக் கருவி ஒன்று. காற்றை உணவுக்குழாய்க்குள் வாங்கி, ஏப்பத்தைப் போல் வெளியேற்றிப் பேசுவது மற்றொன்று. இதற்குக் கருவி வேண்டியதில்லை, ஆனால் நீண்ட பயிற்சி வேண்டும். மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்தப்படும் ஒருவழி வால்வு. அமெரிக்காவைச் சேர்ந்த சிங்கர், புளோம் ஆகிய இருவரும் 1980இல் இம்முறையை விளக்கி எழுதினர். கழுத்துத் துளையை விரலால் மூடினால், வெளிமூச்சு இந்த வால்வின் வழியே சென்று உணவுக்குழாயின் மேற்பகுதியை அதிரச் செய்கிறது, அவ்வதிர்வே குரலாகிறது.

ஒலி கிடைத்த மாத்திரத்தில் தெளிவு கிடைத்துவிடுவதில்லை. மின்கருவியின் ஒலி இடையறாது அதிர்வதால், அதிர்வற்ற எழுத்துகளும் அதிர்வுள்ளவை போலவே கேட்கின்றன. தமிழில் ககரம் இடத்திற்கேற்ப இருவகையாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே. ஆகவே இம்மயக்கத்தால் பொருள் பெரிதும் கெடுவதில்லை. அரபியிலோ தாவும் தாலும், ஸீனும் ஸாயும் மயங்கினால் சொல்லே வேறாகிவிடும். தாய்மொழியில் பேசத் தொடங்கிய பின்பும் ஓதுவதில் மனநிறைவு எய்தாமல் பலர் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் அறிந்த பெரியவர் ஒருவர், மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர். சிகிச்சைக்குப் பின் வீட்டாரிடமும் பேசாமல் சிலேட்டில் எழுதிக் காட்டியே காலம் கழித்தார். அவருடைய மனைவியார் ஒரு வழி கண்டார். நாள்தோறும் மஃரிபுக்குப் பின், பெரியவர் தம் கையிலுள்ள தாளில் எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்; தாளைப் பாராமல் அமர்ந்திருக்கும் அம்மையார், தம் செவிக்கு எட்டியதை அப்படியே திருப்பிச் சொல்வார். பிழைபட்ட சொல்லை மட்டும் பெரியவர் மீண்டும் சொல்வார். புரியாததைப் புரிந்ததாகப் பாவனை செய்வதில்லை என்பதும், அவர் தொடங்கிய வாக்கியத்தை வேறெவரும் முடித்துவைப்பதில்லை என்பதும் அவ்வீட்டின் ஒழுங்குகளாயின. சில மாதங்களில் சிலேட்டு அலமாரிக்குச் சென்றது.

இங்கே மூஸா (அலை) அவர்களின் பிரார்த்தனை நம் சிந்தைக்கு வருகிறது. தாஹா அத்தியாயத்தில் அவர்கள் தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டுமென்று மட்டும் கேட்கவில்லை. தம் சொல்லைப் பிறர் விளங்கிக்கொள்ள வேண்டுமென்றும் கேட்கிறார்கள். அத்துடன் தம் குடும்பத்திலிருந்தே ஓர் உதவியாளரை, சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களை, வேண்டிப் பெறுகிறார்கள். பேசுபவரின் நா, கேட்பவரின் விளக்கம், உறவின் துணை ஆகிய மூன்றும் ஒரே பிரார்த்தனையில் இணைந்திருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. முதலாவதற்கு மருத்துவர் உதவலாம். மற்ற இரண்டும் நம் பொறுப்பில் உள்ளவை.

மார்க்கமும் இத்தகையோருக்கு நெருக்கடி தரவில்லை. இயலாததைக் கடமையாக்காதது ஷரீஅத்தின் அடிப்படை. பேச இயலாதவரின் தெளிவான சைகையை வாய்மொழிக்கு நிகராக ஏற்பது ஃபிக்ஹின் விதிகளுள் ஒன்று. திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். திருநாமத்தின் இறுதி ஹா இன்றும் அப்பெரியவரின் தொண்டையில் பிறப்பதில்லை. ஆயினும் அவர் ஓதுவதை நிறுத்தவில்லை.

ஸலாமுக்குப் பதில் கூறுவது நம்மீது கடமை. கழுத்தில் விரலை வைத்துச் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பவரின் ஸலாம் முழுமையடையும்வரை, முகம் திருப்பாமல் காத்து நிற்பதும் அக்கடமையைச் சார்ந்ததே.