நிர்வாக சபையில் ஒரு நாற்காலி

வடபழனி முருகன் கோயிலைச் சுற்றிப் பூத்தொடுத்தும் இட்லிக்கடை வைத்தும் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பெண்கள், தண்டல்காரருக்கு நாள்தோறும் பணம் கட்டிய வழக்கம் முற்றிலும் மறைந்துவிடாத இக்காலத்திலேயே, குழுக்கடன் என்னும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் அவர்கள் வாழ்வில் வேரூன்றிவிட்டது. தவணை தவறிய வீட்டின் வாசலில் நின்று கடுஞ்சொல் பேசும் வசூல் ஊழியரையே நாம் குற்றவாளியாகக் காண்கிறோம். ஆனால் அவருக்கு இலக்கையும் ஊக்கத்தொகையையும் நிர்ணயிப்பது அவர் ஒருநாளும் காணாத நிர்வாக சபையாகும்.

2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். மைக்ரோ ஃபைனான்ஸ் என்ற குழுக்கடன் நிறுவனம் பெரும் ஆரவாரத்தோடு பங்குச் சந்தையில் பிரவேசித்தது. இரண்டே மாதங்களில், அக்டோபரில், கடன்சுமையாலும் வசூல் நெருக்கடியாலும் நேர்ந்தவை என்று கூறப்பட்ட தற்கொலைகளைக் கண்ட ஆந்திர அரசு, அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே மாதத்தில் எஸ்.கே.எஸ். நிறுவனத்தின் நிர்வாக சபை, தன் நிர்வாக இயக்குநரையே பதவி நீக்கம் செய்திருந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழுவின் அறிக்கையும் அவ்வங்கியின் வட்டி உச்சவரம்பும் பின்தொடர்ந்தன.

அந்த உச்சவரம்பு இன்று இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தின் கடன் தவணைகள் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டலாகாது என விதித்த ரிசர்வ் வங்கி, வட்டியை மட்டும், அநியாய வட்டி கூடாது என்ற எச்சரிக்கையோடு, நிர்வாக சபை அங்கீகரிக்கும் கொள்கைக்கே விட்டுவிட்டது. வருமானத்தைக் கணிக்கும் முறையும் அவ்வாறே. ஆகவே ஏழைப் பெண்ணின் அடுப்பங்கரை வரை நீளும் அதிகாரம் அச்சபையிடம் இருக்கையில், முதலீட்டாளரின் பிரதிநிதிகள் அமரும் அங்கே அவளுக்கு ஏன் இடமில்லை என்று கேட்பது நியாயமே.

இது நடவாத காரியமன்று. 1978-ல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தோற்றுவித்தபோது, நடைபாதை வியாபாரப் பெண்களை வங்கிகளிடம் அழைத்துச் சென்றார். அங்கு நேர்ந்த தாமதத்தையும் அலட்சியத்தையும் கண்ட பின்னரே, 1981-ல், அப்பெண்களே பங்குதாரர்களாய் அமைந்த கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கடன் பெறுபவளே உடைமையாளராகவும் இருந்த அந்த ஏற்பாட்டை, இத்துறையில் தமிழகம் செய்த மிக உயரிய பரிசோதனை என்பேன்.

எல்லா நிறுவனங்களும் கூட்டுறவாக மாற இயலாதுதான். எனினும், கடன் குழுக்கள் கூடும் சென்டர் கூட்டங்களில் கடனாளிகள் தேர்ந்தெடுக்கும் ஒருத்தி வாக்குரிமையோடு சபையில் அமரலாம். வசூல் நிலுவைப் பட்டியல் வாசிக்கப்படும் அதே அமர்வில் புகார்ப் பதிவேடும் வாசிக்கப்படலாம். கடன் அட்டை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்ற விதி இப்போதே உள்ளது. வட்டியை நிர்ணயித்த தீர்மானத்தின் நகலும், காரணங்களோடு, தமிழில் அந்த அட்டையுடன் இணைக்கப்பட வேண்டும்.