பணியும் பணிவும்

'பணி' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. பெயராக நின்று தொழிலையும் தொண்டையும் குறிக்கும். வினையாக நின்று வணங்குதலையும் தாழ்தலையும் குறிக்கும். அரபு மொழியில் வணக்கத்தைக் குறிக்கும் 'இபாதத்' என்னும் சொல்லும், ஊழியன் எனப் பொருள்படும் 'அப்து' என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. இருமொழிகளிலும் அண்டை வீட்டாராக வாழும் இவ்விரு கருத்துகளும், இன்றைய இளைஞர் உள்ளத்தில் மட்டும் ஏனோ பகைகொண்டு நிற்கின்றன.

இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் வினா ஒன்றுண்டு. "வேலையில் உயர வேண்டுமென்றால் மார்க்கத்தைச் சற்றே தளர்த்திக்கொள்ளத்தானே வேண்டும்?" என்பர் சிலர். "மார்க்கத்தில் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் பெரிய பதவிக்கு ஆசைப்படக் கூடாதல்லவா?" என்பர் வேறு சிலர். வினாக்கள் இரண்டாயினும் பிழை ஒன்றே. உலக வாழ்வையும் இறை வணக்கத்தையும் தராசின் இரு தட்டுகளாக எண்ணி, ஒன்று உயர மற்றொன்று தாழ்ந்தே தீரும் எனக் கருதுவதே அப்பிழை. இஸ்லாம் இவ்வாறு கருதவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருமறை காட்டும் நெறி

திருக்குர்ஆனின் 62ஆம் அத்தியாயமாகிய 'அல்ஜுமுஆ' இவ்வகையில் கருதத்தக்கது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைப்பு விடுக்கப்பட்டதும் வணிகத்தை விட்டுவிட்டு இறைவனை நினைவுகூர விரையுமாறு அதன் 9ஆம் வசனம் பணிக்கின்றது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு அடுத்த வசனம் கூறுகின்றது. அந்நாள் முழுவதும் ஓய்வுநாளாக விதிக்கப்படவில்லை. தொழுகைக்கு முன்னும் கடை திறந்திருக்கலாம்; பின்னும் திறக்கலாம். இடைப்பட்ட அந்தச் சிறுபொழுது இறைவனுக்கு உரியது. பொருள் தேடுதல் 'இறையருளைத் தேடுதல்' எனப் பெயர் பெறுவது ஈண்டு நோக்கற்பாலது.

73ஆம் அத்தியாயத்தின் இறுதி வசனமும் எண்ணத்தக்கது. இரவுத் தொழுகையில் சலுகை பெறுவோரை அவ்வசனம் வரிசைப்படுத்துகின்றது. நோயாளர், இறையருளை நாடிப் பூமியில் பயணம் செய்வோர், இறைவழியில் போரிடுவோர் ஆகியோரே அவர்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதனின் களைப்பைப் படைத்தவன் அறிவான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வணிகராய் வாழ்ந்த அறவோர்

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மக்காவில் அனைத்தையும் துறந்து மதீனா வந்து சேர்ந்தார். மதீனத்துத் தோழர் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரை வாழ்த்திய அப்துர் ரஹ்மான், தமக்குக் கடைத்தெருவைக் காட்டினால் போதும் என்றார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவர் பின்னாளில் பெருஞ்செல்வரானார். அச்செல்வத்தை வாரி வழங்கவும் செய்தார். முன்னேறும் வேட்கை ஈமானுக்குக் குறையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

கூஃபா நகரில் வாழ்ந்த இமாம் அபூஹனீஃபா (699–767) துணி வணிகர். குறையுள்ள துணி ஒன்றை, அக்குறையைச் சொல்லியே விற்கவேண்டும் எனத் தம் கூட்டாளியிடம் அறிவுறுத்தியிருந்தார். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரையும் கண்டறிய இயலவில்லை. இமாம் அப்பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாது தருமம் செய்தார் என அவர் வரலாறு கூறுவோர் குறிப்பிடுவர். சட்டமேதையின் மார்க்கம் பள்ளிவாசலோடு நின்றுவிடாமல் அவரது கல்லாப்பெட்டிக்குள்ளும் இருந்தது.

மறுபுறமும் ஒன்றுண்டு. அபுத் தர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்து, இல்லறத்தை மறந்திருந்தார். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் தனித்தனி உரிமைகள் உள்ளன என்றும், உரியோர்க்கு உரியதை வழங்க வேண்டும் என்றும் ஸல்மான் (ரலி) அவரைத் திருத்தினார். ஸல்மான் கூறியது உண்மையே என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உறுதி செய்தார்கள். கடமையை மறக்கச் செய்யும் பக்தியும் சமநிலை இழந்ததே என்பது இதனால் பெறப்படும்.

தமிழ் மண்ணில்

இந்நெறி நம் கடற்கரை ஊர்களிலும் வேரூன்றியது. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த சீதக்காதி பெரும் கடல் வணிகர். அதே ஊரில் அதே காலத்தில் மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா வாழ்ந்தார். வணிகரின் ஆதரவும் மேதையின் அறிவும் உமறுப் புலவருக்குத் துணைநின்றன. 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் தமிழுக்குக் கிடைத்தது. கப்பல்கள் ஈட்டிய பொருள் காப்பியமாக மாறிய வரலாறு இது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். தம் தந்தையார் அதிகாலை நான்கு மணிக்குத் தொழுகையோடு நாளைத் தொடங்கி, பிறகு சில கல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, தேங்காய்களைச் சுமந்து திரும்பியதை அவர் தம் நூலில் நினைவுகூர்ந்துள்ளார். முதலில் சிரம் தாழ்ந்தது. அடுத்துத் தோள் சுமந்தது. அத்தந்தையின் மகன் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் 9ஆம் இடம் பெற்றார். தேர்வு செய்யப்பட்டோர் 8 பேரே. அத்தோல்வியில் நொறுங்காது உழைத்தவர் 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகத் திகழ்ந்தார்.

நேரமும் அமானிதமும்

"எட்டு மணி நேர வேலையில் தொழுகைக்கு இடமேது?" என்பர். தொழுகை நேரம் என்பது ஒரு கணமன்று. ஒரு கால எல்லை. லுஹர் நேரம் நம் பகுதியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீளும்; உணவு இடைவேளையே அதற்குப் போதும். மஃரிப் நேரமே குறுகியது. அதுவும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாது. ஒரு நாளின் கட்டாயத் தொழுகைகள் 17 ரக்அத்துகள் மட்டுமே. பயணிக்கு நான்கு ரக்அத்துகள் இரண்டாகச் சுருங்கும். வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்கு மேலதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அந்நேரத்திற்குரிய வேலையை மாலையில் முடித்துத் தருபவரை நேர்மையுள்ள நிறுவனம் எளிதில் வெறுப்பதில்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். ஊதியம் பெறும் நேரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பத்து நிமிடத் தொழுகைக்குச் சென்று ஒரு மணி நேரம் கழித்து இருக்கைக்குத் திரும்புவது பக்தியன்று. பிறர் உடைமையைக் கவர்தலே.

உண்மையான மோதல் நேரத்தில் இல்லை. தொழிலின் தன்மையில் உள்ளது. வட்டிக் கணக்கு, மதுவணிகம், கையூட்டு, பொய்ச் சான்று ஆகியவற்றின் வாயிலில் நிற்கும்போதுதான் முஸ்லிம் இளைஞனின் நெஞ்சம் சோதிக்கப்படுகின்றது. அங்கே சில வாய்ப்புகளை இழக்க நேரலாம். இழப்பே இராது என்று நான் கூறமாட்டேன். ஆகுமானதைத் தேர்ந்தமையால் சிறிய வீட்டில் வாழ்வோர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் உறக்கம் அமைதியானது.

பட்டறிந்த பாடம்

இதனைப் பிறர்க்கு உரைக்கும் நான் இதில் தவறியவனே. எம்.ஃபில். ஆய்வேட்டுக்காகச் சீறாப்புராணத்தை ஆராய்ந்த நாள்களில், நள்ளிரவு கடந்தும் எழுதுவேன். சுபுஹுத் தொழுகையைத் தவறவிடுவேன். ஒருநாள் வெயில் ஏறிய பின் எழுந்து வந்தபோது உம்மா கேட்டார்கள்:

"ராவெல்லாம் என்ன வாப்பா எழுதுறே?"

"நபிநாயகத்தைப் பத்தி உம்மா."

"அவங்க தொழுத நேரத்துல நீ தூங்குறியே."

எழுதப் படிக்கத் தெரியாத உம்மா அதற்குமேல் ஏதும் சொல்லவில்லை. அன்று முதல் இஷாவுக்குப் பின் உறங்கி, சுபுஹுக்குப் பின் எழுதத் தொடங்கினேன். பழக்கம் படிய நாளாயிற்று. ஆய்வேடும் மூன்று திங்கள் தாமதமாகவே முடிந்தது. தாமதத்திற்காக நெறியாளரிடம் கடிந்துரையும் பெற்றேன். ஆயினும் அந்த வைகறைகளில் எழுதிய பக்கங்களையே இன்றும் என்னால் கூச்சமின்றிப் படிக்க முடிகின்றது.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலுக்கு முன்னே அறத்துப்பாலை வைத்தார். பொருளுக்கு எழுபது அதிகாரங்களை வழங்கிய அவர் அதனை இழிவாகக் கருதினார் எனல் பொருந்தாது; முன்னும் பின்னும் எது என்பதையே நமக்குக் காட்டினார். மாணவச் செல்வங்களே! பெரிதாக ஆசைப்படுங்கள், ஆட்சிப் பணிக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் செல்லுங்கள். பாங்கொலி கேட்கும் வேளையில் சற்றே எழுந்து செல்லும் பணிவையும் உடன்கொண்டு செல்லுங்கள். பணிவு துணைவரின் பணியும் வணக்கமாகும்.