ஊர் வரியில் வளர்ந்த கலை

தென்மாவட்ட ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் பணமும் களமும் எங்கிருந்து வரும்?

ராஜபாளையத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் அடிவாரத்தில் அய்யனார் கோவில். ஆற்றங்கரையில், காட்டின் விளிம்பில் இருக்கும் இந்தச் சாமிக்கு நீர்காத்த அய்யனார் என்று பெயர். ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இந்தப் பக்கம்தான். விருதுநகர், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய் இருக்கிற ஊரில் அய்யனாரும் இருப்பார். பல ஊர்களில் அவர் முன்னால் மண்குதிரைகள் வரிசை கட்டி நிற்கும். நேர்த்திக்கடனாகவே அவற்றைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஒவ்வொரு குதிரைக்குப் பின்னாலும் ஒரு கலைஞர் வாங்கிய கூலியும் மரியாதையும் உண்டு என்பதை யோசித்ததில்லை.

ஓவியம், சிற்பம், புகைப்படம் என்று எதில் உழைப்பவரைக் கேட்டாலும் இரண்டு கவலைகளைச் சொல்வார். செய்வதற்குப் பணம் யார் தருவார்? செய்ததை எங்கே காட்டுவது? அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்பு என்ற திருவிழா இந்த இரண்டுக்கும் ஒரே ஏற்பாட்டில் பதில் வைத்திருந்தது. அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் புரிந்தால், இன்றைய உதவித்தொகைகளில் எது கைகொடுக்கும், எது போதாது என்பதும் விளங்கும்.

பிடிமண்

புரவி எடுப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானதும் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கண்மாயிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கைமாறிவிட்டால் வேலை உறுதி. களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் நான்கு கால்களைக் குழாய்போல எழுப்பி, அவை இறுகிய பிறகு வயிறு, கழுத்து, தலை என்று மேலே ஏற்றுவார் வேளார். அவசரப்பட்டால் விரிசல் விடும். பொறுமையாகக் காயவைத்து, வைக்கோல் மூடிச் சுட்டு, சுண்ணாம்பு அடித்து வண்ணம் தீட்டுவார். திருவிழா அன்று குதிரைக்குக் கண் திறப்பு. வேளாருக்கு வேட்டி, துண்டு, முதல் மரியாதை. அதன்பின் ஊரே குதிரையைத் தோளில் சுமந்து, கொட்டுமேளத்தோடு கோவிலுக்குக் கொண்டுபோகும். எந்த வேளார் செய்த குதிரை என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

மண்குதிரை வெயிலிலும் மழையிலும் நின்று சிதையும். சிதைந்ததை அங்கேயே மண்ணோடு விட்டுவிட்டு, அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக்குதிரை செய்யச் சொல்வார்கள். அதனால்தான் வேலை ஒரு தலைமுறையோடு முடிந்துவிடவில்லை. மகனும் பேரனும் அந்தக் கையைக் கற்றுக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. இன்று பல கோவில்களில் குதிரையைச் சிமெண்டில் நிறுத்துகிறார்கள். ஊருக்குச் செலவு ஒரே தடவையோடு தீர்ந்துவிடுகிறது. வேளாருக்கு அடுத்த பிடிமண் வருவதில்லை.

கலைக்குக் கொடுக்கும் பணத்தை நான் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன். ஒரு தடவை கொடுத்து முடித்துக்கொள்ளும் பணமா, மீண்டும் மீண்டும் வேலையைக் கொண்டுவரும் பணமா?

ஆண்டு மாறினால் படமும் மாறும்

மதுரை வட்டார வேளார்களின் வேலையை ஆராய்ந்து எழுதியவர் கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்லிஸ். அதே ஆய்வாளர் பின்னாளில் சி.கொண்டையராஜுவைப் பற்றியும் எழுதினார். மண்குதிரையிலிருந்து காலண்டர் ஓவியத்துக்கு அவர் நகர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டுமே ஊர் கேட்டு, ஊர் காசு கொடுத்து, ஊர் பார்த்த கலைகள்.

1898-இல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி ஊர் ஊராகச் சுற்றியவர், 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் ஆண்டுதோறும் காலண்டர் கேட்டன. முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் அவர் கையிலிருந்து அச்சேறி, லட்சக்கணக்கான வீடுகளின் சுவருக்குப் போயின. டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவர் பட்டறையில் உருவானார்கள். 1976-இல் அவர் மறையும்வரை அந்தப் பட்டறையைத் தாங்கியது விருதுத்தொகை அல்ல. தை பிறந்தால் புதுக் காலண்டர் வேண்டும் என்ற தேவைதான் தாங்கியது.

நவீன ஓவியர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கரும் அவரது மாணவர்களும் பாத்திக் துணி உள்ளிட்ட கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். குடியிருக்க வீடு, வேலை செய்யப் பட்டறை, காட்டக் கலைக்கூடம் மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தன. சோறு போடுவதற்குக் கைவினை இருந்ததால், ஓவியத்தில் யாருக்கும் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று கேட்டுப் பெறக்கூடியவை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருக்கும் ஓர் இளம் ஓவியர் இன்று எங்கே விண்ணப்பிக்கலாம்?

முதலில் மத்திய கலாச்சார அமைச்சகம். 18 முதல் 25 வயதுவரை உள்ள கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், 25 முதல் 40 வயதுவரை இளநிலை ஆய்வு உதவியாக 10,000 ரூபாய், 40 வயதுக்கு மேல் முதுநிலை உதவியாக 20,000 ரூபாய் என்று இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஓவியம், சிற்பம் உள்ளிட்ட காட்சிக் கலைகளுக்கும் இதில் இடமுண்டு. அறிவிப்பு எப்போது வருகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வயது வரம்பையும் தொகையையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பெங்களூரில் 1993-இல் தொடங்கப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். ஆராய்ச்சிக்கும் படைப்புக்கும் கலைக்கல்விக்கும் நல்கை தரும் இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் வராது என்ற ஒரே காரணத்தால் ஒதுங்கிப்போன எத்தனையோ கைகளுக்கு இந்த ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும்.

மண்ணிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்பவர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 2025-இல் தொடங்கிய இத்திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் சேர்க்கப்பட்டுள்ளன. 3 லட்சம் ரூபாய்வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியில் 5 சதவீதச் சலுகை. சூளை கட்ட, சக்கரம் வாங்க, பட்டறையை விரிவாக்க இது உதவும். ஆனால் இது கடன் என்பதை மறக்கக் கூடாது. வேலை கேட்டு வருபவர் இருந்தால்தான் கடன் அடையும்.

விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கலை மகத்தானது என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, என்ன செய்யப்போகிறேன், எத்தனை மாதம் ஆகும், மண்ணுக்கு எவ்வளவு, வண்டி வாடகைக்கு எவ்வளவு என்று எழுதுவது மேல். படைப்புகளைப் பகல் வெளிச்சத்தில், பின்னால் வேறு பொருள் இல்லாமல் படமெடுத்து, அளவும் ஊடகமும் ஆண்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்புக்கான கூலியையும் செலவுக் கணக்கில் தயங்காமல் சேருங்கள். சுவரில் இடம் தருகிறோம், சான்றிதழ் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் கண்காட்சிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே சம்பாதிப்பது கலைஞர் அல்ல.

காட்ட ஓர் இடம்

1954-இல் தொடங்கப்பட்ட லலித் கலா அகாடமி, அடுத்த ஆண்டிலிருந்து தேசியக் கலைக் கண்காட்சியை நடத்திவருகிறது. எந்த ஊர்க் கலைஞரும் படைப்பை அனுப்பலாம்; தேர்வானால் நாடெங்கும் பெயர் தெரியும். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள அதன் மண்டல மையத்தில் கலைக்கூடமும் பட்டறைகளும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அரசின் கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. சென்னைக்கு ராஜபாளையத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நாலடி அகல ஓவியத்தைப் பொதிகை ரயிலில் அணைத்துக்கொண்டு போய், வாடகைக்குக் கூடம் பிடித்து, விற்காமல் திரும்பக் கொண்டுவர எத்தனை பேருக்கு வசதி இருக்கும்?

மலைக்கு அந்தப்புறம் கொச்சி இருக்கிறது. சென்னைக்குப் போகிற தூரத்தில் பாதிதான். அங்கே 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய கொச்சி–முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சி, பழைய சரக்குக் கிடங்குகளையே கலைக்கூடங்களாக மாற்றியது. கலைஞர்களைத் தேர்ந்தெடுப்பவர் அதன் கியூரேட்டர். கலைக்கல்லூரி மாணவர்களுக்கென்று தனிப் பிரிவும் நடக்கிறது. நம் தென்மாவட்ட இளைஞர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவர வேண்டிய இடம் அது. அதைவிட முக்கியம், அங்கிருந்து நாம் கற்க வேண்டியது. புதுக் கட்டடம் எழும்பும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இருந்த கிடங்கின் கதவைத் திறந்தார்கள்.

இந்தச் சீமையால் முடிந்தது

ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சிவகாசியில் அச்சகங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்குத் திரளும் கூட்டம். பணமும் இடமும் பார்க்கும் கண்களும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றையும் கலைஞரோடு சேர்ப்பதுதான் பாக்கி.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காட்டும் நிறுவனம், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலை, பண்பாடு, பாரம்பரியக் கைவினை ஆகியவையும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் கொடுக்கிற மில்கள், ஆண்டுக்கு ஓர் ஓவியருக்காவது ஓராண்டுப் பட்டறைச் செலவை ஏற்கலாம். கம்பெனிக் காலண்டருக்கு இணையத்தில் எடுத்த படத்தை அச்சிடுவதை விட்டுவிட்டு, உள்ளூர் ஓவியரிடம் பன்னிரண்டு படம் கேட்கலாம்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் பெரியது. பிரான்சில் 1951 முதல், பள்ளிக்கூடம் கட்டினால் கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கலைப்படைப்புக்கு என்று விதி இருக்கிறது. பின்னர் மற்ற அரசுக் கட்டடங்களுக்கும் அது விரிந்தது. நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. டெல்லி ரிசர்வ் வங்கி வாசலில் நிற்கும் ராம்கிங்கர் பைஜின் யட்சன், யட்சி சிலைகள், பொதுக்கட்டடங்களில் கலைஞர்களுக்கு வேலை தர வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவை. தமிழகத்தில் கட்டப்படும் ஒவ்வொரு பேருந்து நிலையத்துக்கும் நூலகத்துக்கும் மாவட்ட மருத்துவமனைக்கும் இப்படி ஒரு சதவீதம் ஒதுக்கினால், எந்த விருதும் தராத தொடர்வேலை கிடைக்கும். வைத்த படைப்பைப் பேணும் பொறுப்பும் அதோடு வர வேண்டும். டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்த தன் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்குத் தொடுத்து, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். விற்ற பிறகும் படைப்பின்மீது கலைஞருக்கு உரிமை உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது.

கண்காட்சிக்குத் தனி மாளிகை வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆடிப்பூரம் நடக்கும் நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தையோ பள்ளிக்கூடத்தையோ எடுத்து, மாவட்டத்து ஓவியர்களுக்கும் வேளார்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் ஒரே கூரையின்கீழ் இலவச இடம் கொடுக்கட்டும். ஒவ்வொரு ஆண்டும், அதே நாட்களில். தேர் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்ப்பார்கள், வாங்குவார்கள், அடுத்த ஆண்டு தேடி வருவார்கள்.

கோவில் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த குதிரைக்குச் சிமெண்ட் மூட்டை வாங்குமுன், உங்கள் வட்டாரத்தில் இன்னும் மண் மிதிக்கிற வேளார் யார் என்று விசாரியுங்கள். நல்ல கூலி பேசுங்கள். பிடிமண் கொடுங்கள். சில ஆண்டுகளில் அது சிதையும் என்று கவலைப்பட வேண்டாம். அது சிதையும்போது வேலை கேட்டு நீங்கள் மறுபடியும் அவர் வீட்டுக்குத்தான் போவீர்கள். அங்கே அதைச் செய்யத் தெரிந்த ஒரு பிள்ளையும் இருக்கும்.