பைக்கில் வராத பயம் ஃப்ளைட்டில் மட்டும் ஏன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் பைக் ஓட்டி வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரிடம் 'புனேயில டிரெயினிங், ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு' என்று சொல்லிப் பாருங்கள். "ட்ரெயின்லயே போயிடறேனே சார்" என்று பதில் வரலாம்.

இத்தனைக்கும் பக்கத்து கவரைப்பேட்டையில்தான் 2024 அக்டோபர் 11 இரவு, நின்றிருந்த சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதித் தடம் புரண்டது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. பாதை சரியானதும் மின்சார ரயிலில் அதே கூட்டம். ரயிலுக்கு யாரும் பயப்படவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? பைக்கில் ஹேண்டில்பார் நம் கையில். ரயில் தினமும் பழகியது. விமானத்தில் இரண்டும் இல்லை. கதவை மூடிவிட்டால் இறங்கவும் முடியாது. மனசு அளப்பது ஆபத்தை அல்ல, கட்டுப்பாட்டை. 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்த காட்சிகளை செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு பயம் கூடியதில் ஆச்சரியமில்லை. ஆனால், அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானத்தைத் தவிர்த்து அமெரிக்கர்கள் காரில் கிளம்பியதால், ஓராண்டில் சாலையில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார் ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர்.

பயத்தில் பாதி, சத்தம் புரியாததால் வருவது. ஏர்பஸ் ஏ320-ல் கிளம்பும் முன் காலடியில் மரம் அறுப்பதுபோல் கேட்கும். ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சமன் செய்யும் கருவி அது. சிப்காட்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே எழும்பிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று குறையும், வயிறு லேசாகத் தூக்கிப் போடும். 'ஆஃப் ஆயிடுச்சோ?' இல்லை, டேக்-ஆஃபுக்கான கூடுதல் விசையைக் குறைக்கிறார்கள். குலுங்கும்போது இறக்கை வளைவது அதன் வடிவமைப்பே. பறக்கையில் வரக்கூடிய உச்சபட்ச சுமையைப்போல ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று நிரூபித்த பிறகே அனுமதி கிடைக்கிறது. குலுங்கலில் அடிபடுவது பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள்.

தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும் என்பதால், மனநல நிபுணர்கள் படிப்படியாகத்தான் பழக்குகிறார்கள். முதலில் டேக்-ஆஃப் வீடியோ, பிறகு ஏர்போர்ட் வரை ஒரு நடை, அப்புறம் பெங்களூருக்கு ஒரு மணி நேரப் பயணம். ஆட்டம் குறைவாகத் தெரியும் இறக்கைக்கு அருகே சீட் கேளுங்கள். பயம் இருப்பதை கேபின் க்ரூவிடம் சொல்லிவிடுங்கள், கூச்சமே வேண்டாம். மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். 'தைரியத்துக்கு ஒரு பெக்' வேலைக்கு ஆகாது.

டிக்கெட்டை கேன்சல் செய்யும் அளவுக்கு பயம் என்றால், அரசின் டெலி-மனஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.