பித்தளையும் பட்டும்

மழைக்காலத்தில் அறுந்து விழுந்த மின்சாரக் கம்பிக்கு மனித உயிர் பலியாவதை ஆண்டுதோறும் கேள்விப்படுகிறோம். கையிலகப்பட்ட கழியால் கம்பியை விலக்க முற்பட்டு மாண்டோரும் உளர். மரத்தில் மின்சாரம் பாயாது என்பது அவர்களது நம்பிக்கை. அந்நம்பிக்கை எம்மட்டில் மெய்யென்பதை நேயர்கள் சற்று ஆராய வேண்டும்.

1729-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்தில், வீலர் என்னும் நண்பரது மாளிகையில், ஸ்டீபன் கிரே என்பார் ஒரு பரீட்சை செய்தார். கண்ணாடிக் குழாயைத் தேய்த்து எழுப்பிய மின்சாரத்தை நெடிய சணற்கயிற்றின் வழியே செலுத்தினார். கயிற்றைத் தாங்கி நின்றவை பட்டிழைகள். பாரம் தாளாமல் பட்டு அறுந்ததும், அதற்குப் பதிலாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்சாரம் மறுகோடியை எட்டவேயில்லை. பித்தளை வழியே ஒழுகிப் போயிற்று. பட்டு மின்சாரத்தைத் தடுத்தது அதன் மென்மையால் அன்று, அதன் இயல்பினாலேயே என்பது அன்று ருசுவாயிற்று.

அவ்வியல்புதான் யாது? அணுக்கள் யாவற்றிலும் எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் உள. உலோகங்களில் அணுவின் வெளிப்புறத்து எலெக்ட்ரான்கள் ஓரணுவுக்கே உரிமையாகாமல் உலோகம் முழுவதும் உலாவுகின்றன. கம்பியில் ஓடும் மின்சாரம் இவற்றின் ஓட்டமே. பட்டு, ரப்பர், பீங்கான் ஆகியவற்றிலோ அவை அணுக்களைப் பிணைத்துக்கொண்டு அங்கேயே கட்டுண்டு கிடக்கின்றன. விடுவிக்கப் பெருஞ்சக்தி வேண்டும். உலோகங்களுள்ளும் தாரதம்மியம் உண்டு. வெள்ளியே முதன்மையானது, செம்பு அதனை அடுத்தது. அலுமினியம் செம்பின் திறனில் சுமார் 60 சதவிகிதமும், இரும்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கும் உடையன.

அங்ஙனமாயின், உலோகமல்லாத சணற்கயிறு மின்சாரத்தைக் கடத்தியது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். அது காற்றிலிருந்து உறிஞ்சி வைத்திருந்த ஈரமே காரணம். தூய நீர் மின்சாரத்தை மிகச் சொற்பமாகவே கடத்தும். ஆனால் நீரில் கரைந்த உப்புக்கள் மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. மழையில் நனைந்த கழியிலும், வியர்வை படிந்த கையிலும் நிகழ்வது இதுவே. உலர்ந்த மரம் ஓரளவு தடுக்குமென்பது மெய். நனைந்த மரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உயர் அழுத்தக் கம்பிக்கு எதிரில் உலர்ந்த கழியையும் நம்புவதற்கில்லை.

ஆதலின், கம்பி வீழ்ந்து கிடக்கக் கண்டவர் அதனை அணுகலாகாது, பிறரையும் அணுகவிடலாகாது. மின்வாரியத்தாருக்கு உடனே தெரிவித்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்தும்வரை விலகி நிற்பதே கடமை. துணிவு நற்குணமே, ஆயினும் எலெக்ட்ரான்கள் துணிந்தவன் என்றும் அஞ்சியவன் என்றும் பேதம் பார்ப்பதில்லை.