கார் கழுவ எந்தத் தண்ணீர்?

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரில் கார் கழுவக் கூடாது, செடிக்கு ஊற்றக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். திரும்பவும் செய்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். மூன்றே நாளில் 22 வீடுகள் மாட்டிக்கொண்டு 1.1 லட்சம் ரூபாய் கட்டின. அதே ஆண்டு மே மாதக் கடைசியில், டெல்லியிலும் ஹோஸ் பிடித்து வண்டி கழுவினால் 2,000 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

நம் வெம்பாக்கம் பக்கத்தில் நிலைமை வேறு. பஞ்சாயத்துத் தொட்டித் தண்ணீர் கொஞ்சம், மீதியெல்லாம் வீட்டு போர். போர் நம் மனைக்குள் இருப்பதால் தண்ணீரும் நம்முடையதுதான் என்று தோன்றிவிடுகிறது. நிலத்துக்கு அடியில் வேலி கிடையாது. நம் மோட்டார் கூடுதலாக ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் பக்கத்துத் தெரு அடிபம்புக்கு வரவேண்டியதைத்தான் இழுக்கிறது. கோடையில் முதலில் வற்றுவது ஆழமான போர் போட முடியாதவர் வீட்டுக் கிணறு.

இங்கே வண்டிகளும் பெருகிவிட்டன. செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள், ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஓடும் வாடகைக் கார்கள், சொந்தக் கார்கள். வாடகை வண்டி ஓட்டுபவர் தினமும் துடைத்தே ஆக வேண்டும். அழுக்கு வண்டியில் சவாரி ஏற யாருக்கும் மனம் வராது. ஆகவே வண்டியைக் கழுவாதீர்கள் என்று சொல்வது நியாயமில்லை. எவ்வளவு தண்ணீரில், எந்தத் தண்ணீரில் என்று கேட்பதுதான் நியாயம்.

அளவை நீங்களே பார்த்துவிடலாம். வீட்டு ஹோஸை 15 லிட்டர் பக்கெட்டில் விட்டு, போனில் நேரம் வையுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால், பத்து நிமிடக் கழுவலுக்கு 150 லிட்டர். சோப்புப் போடும்போது ஹோஸ் தரையில் ஓடிக்கொண்டே கிடந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். கிராமத்து வீட்டுக் குழாய்க்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதாவது குளிக்க, சமைக்க, துவைக்க, குடிக்க என்று ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒரு நாள் முழுக்க வேண்டிய தண்ணீர், ஒரு காரின் மேல் பத்து நிமிடத்தில் ஓடிவிடுகிறது.

அதே காரை ஒன்றரை பக்கெட்டில் சுத்தமாகத் துடைக்கலாம். காலை வெயில் ஏறும் முன், நிழலில் நிறுத்துங்கள். சூடான தகட்டில் தண்ணீர் பட்டவுடன் காய்ந்து திட்டு விழும். அதை எடுக்க இன்னொரு பக்கெட் செலவாகும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். தட்டாமல் ஈரத்துணியை வைத்து அழுத்தினால் மணல் துகள் பெயின்டைக் கீறும். காக்கை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்ட வேண்டாம். நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு வைத்தால் தானாகக் கழலும். பிறகு கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒரு பக்கெட்டில் துடைக்கும் தண்ணீர், இன்னொன்றில் அரை அளவு துணி அலச மட்டும். அழுக்குத் துணி நல்ல பக்கெட்டுக்குள் போகவே கூடாது. டயரும் அதன் மேல் வளைவும் கடைசியில், வேறு பழந்துணியால். துணி சோப்புத் தூள் வேண்டாம்; பெயின்டின் மெருகு போகும், நுரையை எடுக்கவும் தண்ணீர் கொட்ட வேண்டும். தண்ணீர் அறவே இல்லாத நாளிலும் முன்கண்ணாடி, விளக்குகள், பக்கக் கண்ணாடிகளைத் துடைக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். மற்ற இடத்து அழுக்கு ஒரு வாரம் பொறுக்கும்.

இனி, எந்தத் தண்ணீர்? இதை ஆரணி, காஞ்சிபுரம் போன்ற பட்டு நெசவு ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. கச்சாப் பட்டு நூலின் மேல் ஒரு பசை இருக்கிறது. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்தால்தான் அது கழலும். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தப் பசையோடு போய்விடுகிறது. அதற்குப் பிறகே மினுமினுப்பு வரும், சாயம் சீராக ஏறும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, நூலில் படியும். சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சாயம் போடுபவருக்கு நல்ல தண்ணீர் என்பது நூலையும் சரிகையையும் போலவே ஒரு மூலப்பொருள். வறட்சியில் நீர்மட்டம் இறங்க இறங்க அந்த நல்ல தண்ணீர்தான் முதலில் அருகிப்போகிறது. அதைக் கார் டயரில் ஊற்றுவதை நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது.

உப்புத் தண்ணீர் காருக்கும் ஆகாது. காய்ந்ததும் கண்ணாடியிலும் கறுப்பு பெயின்டிலும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். வேறு வழியில்லாமல் அதில்தான் கழுவுகிறீர்கள் என்றால், ஈரம் காயும் முன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். காருக்கு ஏற்றது மழைத்தண்ணீர். ஏசி வைத்த வீட்டில் வெளியே சொட்டும் தண்ணீரையும் பக்கெட் வைத்துப் பிடிக்கலாம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு அநேகமாக இருக்காது. ஆர்ஓ எந்திரம் கழித்து விடும் தண்ணீர் நேர் எதிர். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைக் காருக்கும் விடாதீர்கள், தினமும் ஒரே செடிக்கும் ஊற்றாதீர்கள். வீடு துடைக்கவும் கக்கூஸுக்கு ஊற்றவும் நன்றாக உதவும்.

வீட்டுக்குள்ளும் எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று பார்ப்பதுதான் வழி. துணியை மூன்று முறை அலசினால், மூன்றாவது அலசல் தண்ணீர் ஏறக்குறைய சுத்தமானது. அடுத்த துணிக்கு அதுவே முதல் அலசல். காய்கறி, அரிசி கழுவியது செடிக்கோ மாட்டுத் தொட்டிக்கோ. பாத்திரத்தைக் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்காமல், சோற்றுப் பருக்கையை வழித்துவிட்டு ஒரு தொட்டித் தண்ணீரில் அலசுங்கள். ஷவர் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் கொட்டும். ஒரு பக்கெட்டில் ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம்.

இவற்றையெல்லாம் செய்துவிட்டுக் கசிவை விட்டுவைத்தால் பலனில்லை. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் இருபது லிட்டர் வரை குடித்துவிடும். ஐந்து ரூபாய் வாஷர் போட்டால் தீரக்கூடிய விஷயம். அதைவிடப் பெரிய நஷ்டம் மாடித் தொட்டி நிரம்பி வழிவது. மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியலில் உட்கார்ந்துவிட்டால், நாலு கார் கழுவும் தண்ணீர் சுவர் வழியே இறங்கிப் போய்விடும். ஒரு ஃபுளோட் வால்வோ, தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரமோ வாங்கி மாட்டுவது வீட்டில் செய்யும் எந்தச் சிக்கனத்தையும்விடப் பெரியது என்பது என் கருத்து.

தண்ணீர் தீர்ந்தபின் வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்ற நம்பிக்கைக்கு 2019 சென்னை நல்ல பதில். ஏரிகள் வறண்டதும் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றினார்கள். ஜூலை 12 அன்று முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். அப்போது வெகுவாகக் குறைந்திருந்த நகர விநியோகமே நாளுக்கு 50 கோடி லிட்டருக்கு மேல். ஒரு ரயில் கொண்டுவந்தது அதில் இருநூறில் ஒரு பங்கு.

நம் பக்கத்துக்கு ரயில் வராது. இருப்பது கோடை மழையும் ஏரியும். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஆவியானதும் சிந்தியதும் போக 700 லிட்டர் பிடிக்கலாம். முதல் சில நிமிட அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டு, மற்றதை டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். மூடாவிட்டால் கொசு பெருகும்.

ஏரியைப் பற்றி ஒன்று. தூசி மாமண்டூர் ஏரிபோல பாலாற்றுக் கால்வாய் தண்ணீர் வந்து நிற்கும் இடங்களில், கரையில் வேனை இறக்கிக் கழுவும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். டயர் சேறு கீழே படிந்துவிடும், டீசலும் கிரீஸும் படியாது; படலமாக மேலே பரவி மீனுக்குக் காற்றுப் போகாமல் செய்யும், தண்ணீர் குடிக்கும் மாடுகளின் வயிற்றுக்கும் போகும். வண்டியை வீட்டிலேயே, கிணற்றுக்கும் போருக்கும் தள்ளி, மண்தரையில் நிறுத்திக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இன்ஜின் பக்கத்தை மட்டும் வீட்டில் தொடாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.