இத்தனை நிமிடம் என்று யார் சொன்னது?

உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் திரும்புகிறீர்கள். போய்ச் சேர இத்தனை நிமிடம் என்கிறது செல்போன் வரைபடம். அதற்கு யார் சொன்னது?

நமக்கு முன்னால் போனவர்களின் சட்டைப்பைகள்தான். இருப்பிட வசதியைத் திறந்து வைத்த செல்போன், தான் இருக்கும் இடத்தை அடிக்கடி அனுப்பிக்கொண்டே போகும். இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் வேகம். புள்ளி கொஞ்சம் பிசகிக் கண்மாய்க்குள் விழுந்தால், கணினி அதை இழுத்துச் சாலையில் சேர்த்துவிடும்.

2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 செல்போன்களைக் கைவண்டியில் போட்டு இழுத்துப் போனார். ஆளில்லாத தெருவை நெரிசல் என்று வரைபடம் சிவப்பாகக் காட்டியது. வரைபடத்துக்குத் தெரிந்தது செல்போன் மட்டுமே, வண்டி அல்ல.

நம் ஊர்ச் சிக்கல் நேர்மாறானது. கடற்கரைச் சாலையில் செல்போன்களுக்குப் பஞ்சமில்லை. கிளைச் சாலையிலோ ஒரு மணி நேரத்தில் நாலைந்து வண்டி போனால் பெரிது. ஐந்து பேர் எடுத்த நேரம் 14, 15, 16, 17, 48 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஆள் டீ குடிக்க இறங்கிவிட்டார். சராசரி பார்த்தால் 22. வரிசையில் நடுவே நிற்பதை எடுத்தால் 16. உண்மைக்கு அருகில் இருப்பது 16தான். வண்டியே போகாத நேரத்தில் பழைய நாட்களின் பதிவையும், சாலையின் வகையையும் வைத்து ஓர் உத்தேச வேகத்தைக் கொள்ள வேண்டியதுதான்.

வேகங்களைக் கூட்டி வகுப்பதிலும் ஒரு பொறி உண்டு. 10 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டரை 60 வேகத்தில் கடந்தால் 9 நிமிடம். மீதி ஒரு கிலோமீட்டரில் ஆட்டுமந்தை குறுக்கிட்டு வேகம் 10 ஆனால், அதற்கு மட்டும் 6 நிமிடம். பத்தில் ஒரு பங்கு தூரம், பதினைந்தில் ஆறு நிமிடத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே துண்டு துண்டாக நேரத்தைக் கணக்கிட்டுக் கூட்டுவதே சரி.

தை, மாசியில் பாதிச் சாலையில் நெல் காயும். நேற்றைய பதிவில் அந்த நெல் இல்லை. ராமநாதபுரத்தில் ரயிலைப் பிடிக்கப் போகிறவர், வரைபடம் சொல்லும் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது.